அந்தப் புள்ளிப் படம் மூளையின் நிழற்படம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், மனித மூளையைக் கணினிக்குள் கட்டி முடித்துவிட்டார்கள் என்ற பொருள்பட ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் படமொன்றும் அதனுடன் இருந்தது. 'கணினி மூளை சிந்திக்கும்போது எடுத்த படம்' என்று அதன் கீழே அச்சாகியிருந்தது. இப்படிப்பட்ட ஒரு துறைக்குத் தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம் என்பதால், கட்டுரையாளரின் ஆர்வத்தை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் படத்தின் கீழிருந்த அந்த ஒற்றை வரி தவறு. கட்டுரையின் மற்றப் பிழைகளும் அதிலிருந்தே கிளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் நரம்பியல் படித்தவன் அல்லன். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அந்தப் படத்தை என்னால் அடையாளம் காண முடிந்ததற்கு, பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த என் அண்ணன் மகள்தான் காரணம். இறுதியாண்டு ஆய்வுக்காக அவள், நரம்பணு வலைப்பின்னல்களின் மாதிரிகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் நெஸ்ட் (NEST) என்னும் மென்பொருளைத் தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அது விண்டோசில் நேரடியாக ஓடாதாம். முதலில் லினக்சை ஏற்றி, அதன்மேல்தான் இதை ஏற்ற வேண்டும். மழை பிடித்தால் எங்கள் பகுதியில் இணையம் போய்விடும் என்பதால் அதற்கே இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில், "சித்தப்பா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். திரையில் இருந்தது, தங்கள் இதழில் வந்ததைப் போன்றே ஒரு புள்ளிப் படம்.

அதைப் படிக்கும் முறை எளிது. நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு நரம்பணு (நியூரான்). அந்த நரம்பணு மின்துடிப்பு ஒன்றை வெளியிட்ட கணத்தில் ஒரு புள்ளி. தோட்டத்துப் பெரட்டில் கிராணி ஆள்பெயருக்கு நேரே புள்ளி வைத்த வருகைப் பதிவேட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எந்தக் கருவியும் எதையும் படம் பிடிக்கவில்லை. சிந்தனை என்று சொல்லத்தக்கதும் அங்கே நிகழவில்லை.

இந்த மென்பொருளில் நரம்பணு என்பது பெரும்பாலும் ஓரிரு சமன்பாடுகளே. பால்மரத்தில் ரப்பர் பால் சேரும் மங்கு ஒன்றின் அடியில் சிறிய ஓட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்ற நரம்பணுக்களிலிருந்து வரும் துடிப்புகள் மங்கில் சொட்டுகின்றன. சொட்டியது ஓட்டை வழியே கசிந்துகொண்டும் இருக்கிறது. கசிவை மிஞ்சி மட்டம் குறித்த கோட்டை எட்டினால் ஒரு துடிப்பு வெளியேறும், மட்டம் இறக்கப்படும், சற்று நேரத்துக்குப் புதிய சொட்டு எதுவும் ஏறாது. என் அண்ணன் மகள் ஓட்டிய மாதிரியில் அந்தக் கோடு ஓய்வு நிலைக்கு மேல் 20 மில்லிவோல்ட். துடித்தபின் சொட்டு ஏறாத காலம் 2 மில்லிநொடி. 1907இல் லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சு உடலியலாளர் முன்வைத்த மின்சுற்றுக் கருத்தின் வழிவந்த மாதிரி இது. இதைவிட நுணுக்கமான மாதிரியை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்டார்கள். நாம் ஈரச்சந்தையில் சோத்தோங் என்று வாங்கும் கணவாயின் தடித்த நரம்பிழையை அளந்து எழுதிய சமன்பாடுகள் அவை. ஹக்ஸ்லி அவற்றைக் கையால் சுற்றும் கணக்கிடும் பொறியில் விடுவித்தார் என்பதைப் படித்தபோது, மடக்கை அட்டவணையோடு காலம் தள்ளிய எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

அவள் திரையில் ஓடியது, நிக்கோலா புருனெல் 2000இல் வெளியிட்ட வலைப்பின்னல் மாதிரி. அதில் 12,500 நரம்பணுக்கள்: மற்றவற்றைத் தூண்டுபவை 10,000, அடக்குபவை 2,500. ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து 1,250 இணைப்புகள் வருவதால் மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேல் இணைப்புகள். தூண்டுபவை நான்கு பங்கும் அடக்குபவை ஒரு பங்கும் இருப்பதால், அடக்கும் இணைப்பு ஒவ்வொன்றும் தூண்டும் இணைப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் வலுவாக இருந்தால்தான் அடக்குபவற்றின் கை ஓங்கும். அந்த மடங்கு 5 என்று இருந்தபோது புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தன. அவள் அந்த ஓர் எண்ணை மட்டும் 3 என்று மாற்றி மீண்டும் ஓட்டினாள். சிதறல் மறைந்து, எல்லா நரம்பணுக்களும் ஒரே நேரத்தில் துடிக்க, திரையில் மேலிருந்து கீழாகக் கம்பி கம்பியாகக் கோடுகள் விழுந்தன. நான் அவளை விடாமல் 4, 4.5 என்று மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லிக் காலைப் பசியாறலையே மறந்தேன். கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டியது இதுதான்: இம்மென்பொருளின் பயன் ஒரு கேள்வியைக் கேட்டு, ஓர் எண்ணை மாற்றி, விளைவைப் பார்ப்பதில் இருக்கிறது.

அடுத்து, கட்டுரை பெருமையுடன் குறிப்பிட்ட 2013ஆம் ஆண்டுச் சோதனைக்கு வருகிறேன். ஜப்பானின் கோபே நகரில் இருந்த 'கே' மீக்கணினியில், 82,944 செயலிகளை (கணக்கிடும் சில்லுகளை) கொண்டு, 173 கோடி நரம்பணுக்களையும் அவற்றுக்கிடையே 10 லட்சத்து 40 ஆயிரம் கோடி இணைப்புகளையும் இதே நெஸ்ட் ஓட்டியது உண்மை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதால், எண்ணிக்கையில் இது 50இல் ஒரு பங்கு. அந்த வலைப்பின்னலின் ஒரே ஒரு நொடியை ஓட்ட 40 நிமிடங்கள் பிடித்தன. அதாவது 2,400 மடங்கு மந்தம். அந்த வேகத்தில் ஒரு நாளைக் கணக்கிட ஆறரை ஆண்டுகள் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்புகள் எழுந்தமானமாகப் போடப்பட்டவை. எந்த மனிதரின் மூளையையும் பார்த்து வரைந்தவை அல்ல. அந்தச் சோதனை, இவ்வளவு பெரிய வலைப்பின்னலை மென்பொருளும் கணினியும் தாங்குகின்றனவா என்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. இணைப்பு ஒன்றுக்கு 24 பைட் என்று வைத்தாலும் இணைப்புகளுக்கு மட்டுமே சுமார் 250 டெராபைட் நினைவகம் வேண்டும் என்பதைப் பெருக்கிப் பார்த்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

1990களில் மார்க்குஸ் டீஸ்மனும் மார்க்-ஒலிவர் கெவால்டிக்கும் ஜெர்மனியில் தொடங்கிய இந்த மென்பொருளில் என்னை மிகவும் கவர்ந்தது, அது செய்தியைக் கடத்தும் விதம். நரம்பணுக்களைப் பல செயலிகள் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றின் துடிப்பு மற்றொரு செயலிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஆளை அனுப்பினால் வேலை நடக்காது. ஆனால் உயிருள்ள நரம்பிலும் துடிப்பு போய்ச்சேரச் சற்று நேரம் ஆகிறது. புருனெல் மாதிரியில் அது 1.5 மில்லிநொடி. கணக்கு 0.1 மில்லிநொடிப் படிகளில் நகர்வதால், 15 படிகளுக்கு ஒருமுறை துடிப்புகளை மொத்தமாகப் பரிமாறிக்கொண்டால் போதும், விடை மாறாது. பால் வெட்டிய ஒவ்வொருவரும் ஆலைக்கு ஓடாமல், நேரத்துக்கு வரும் லோரியில் எல்லாருடைய பாலும் ஏறியதை என் தகப்பனார் காலத்தில் பார்த்தவன் நான்.

அப்படியும் ஒரு குறை இருந்தது. ஒரு துடிப்பு தன்னிடமுள்ள எந்த நரம்பணுவுக்கு உரியது என்பதைக் கண்டறிய, ஒவ்வொரு செயலியும் வலைப்பின்னல் முழுவதற்குமான குறிப்பை ஓரளவு வைத்திருக்க வேண்டியிருந்தது. வலைப்பின்னல் பெருகப் பெருக அந்தக் குறிப்பே நினைவகத்தைத் தின்றது. யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை அனுப்புகிற பக்கமே அறிந்து, உரியவருக்கு மட்டும் அனுப்பும் முறை 2018இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களில் உள்ள 'நரம்பு வலைப்பின்னல்' வேறு, இது வேறு. அங்கே ஓடுவது எண்களின் பெருக்கலும் கூட்டலும்; துடிப்பு எந்த மில்லிநொடியில் எழுந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

இத்தகைய ஆய்வுக்குப் பல கோடி ரிங்கிட் கணினி வேண்டும் என்று கட்டுரை முடிவதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. எங்கள் ஊர்க் கடையொன்றில் விசாரித்தபோதும் அண்ணன் மகளிடம் அப்படியேதான் சொன்னார்களாம். நெஸ்ட் திறந்த மூல மென்பொருள். பணம் கட்ட வேண்டியதில்லை. சமன்பாட்டை எழுதுகிறபடியே எழுதி ஓட்ட உதவும் பிரையன் என்ற மென்பொருளும் அப்படித்தான். படிவம் ஆறு மாணவருக்கு அதுவே எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம். மீக்கணினியில் ஓடிய அதே நெஸ்டின் நிரல்தான் எங்கள் வீட்டு ஐந்தடியில், மடிக்கணினியின் மின்விசிறி இரைய இரைய ஓடியது.

ஆகவே வரும் ஞாயிறு இதழில் அதே படத்தை மீண்டும் ஒருமுறை, சிறிய அளவிலாவது வெளியிட்டு, அதன் கீழே இவ்வாறு அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: 'கணினியில் ஓட்டிய நரம்பணு மாதிரிகள் துடித்த நேரப் பதிவு, ஒரு வரிசை ஒரு நரம்பணு, ஒரு புள்ளி ஒரு துடிப்பு.' அந்தப் படம் எந்த மாதிரியிலிருந்து வந்தது, எத்தனை நரம்பணுக்கள் என்பதைக் கட்டுரையாளர் சொல்ல முடிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். அதே எண்களை இட்டு ஓட்டிப் பார்க்க என் அண்ணன் மகள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்