எங்கள் விலையை எங்களுக்கே விற்காதீர்கள்

மீன் விலைச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் ஏலம் முடிந்த கையோடு விலையைப் பதிவிடுகிறவர்கள் நாங்கள். அந்த விலைகளைப் பார்க்க இனி நாங்களும் சந்தா கட்ட வேண்டும் என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

விடியற்காலை ஏலத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வள்ளத்துக்காரரின் மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, சாளை பெட்டிக்கு என்ன போனது, அன்றைய மீனா ஐஸ் மீனா என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். செதில் ஒட்டிய விரலுக்குத் திரை அசையாது. மறுநாள் சந்தா கட்டிய வியாபாரி அதே திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்: “உங்க ஆளுவதான் போட்டிருக்கு. இதுக்கு மேல தரமாட்டேன்.” பக்கத்துத் துறையில் என்ன விலை போகிறது என்று அவருக்குத் தெரியும். விலையைப் போட்டுக்கொடுத்தவளுக்குத் தெரியாது. அவள் போனில் பூட்டுப் படம்தான் தெரிகிறது.

பதிவிடுகிறவர்களுக்கு எல்லாத் துறை விலையும் இலவசமாகத் தெரிய வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

ஊர்கூடித் தகவல் திரட்டித் தொழில் செய்வதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முறை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். லெகோ நிறுவனம் ரசிகர்களிடம் பொம்மை வடிவமைப்பு கேட்கிறது. 10,000 பேர் ஆதரித்தால் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறது. விற்பனைக்கு வந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். 2004-ல் தொடங்கிய, பொதுமக்களே சேர்ந்து வரைகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தெருவைச் சேர்த்தவரும் சேர்க்காதவரும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் எங்களிடம் எந்த நிபந்தனையும் சொல்லவில்லை. தமிழில் ஒரு பக்கம்கூடத் தரவில்லை.

இன்னொன்று. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் ஊர்க் கண்காட்சியில் ஒரு மாட்டின் எடையை ஊகித்து 787 பேர் எழுதிய சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் ஆராய்ந்தார். அவற்றின் நடுமதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், உண்மையான எடையிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தனியாக எழுதியதால்தான் அது நடந்தது. இங்கே ஒரே ஆள் மூன்று போன் எண்களிலிருந்து விலையைக் குறைத்துப் போட்டால் உங்கள் சராசரி சரிகிறது. புகார் சொன்னோம், பதில் இல்லை. தவறான பதிவைக் கண்டுபிடிக்கக் கரையை அறிந்த ஆள் வேண்டும். துறைக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

எங்களிடம் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. 2017-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு கணக்கெடுக்க எத்தனை பேர் வீடு வீடாக வந்தார்கள்! படகு நீளம், கடன், காணாமல் போனவர் பெயர் என்று எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியதை எங்களுக்குப் படித்துக்காட்ட ஒருவரும் வரவில்லை. அந்த வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடக் கூடாது.

தயவுசெய்து சந்தா அறிவிப்பை நிறுத்திவையுங்கள். பதிவிடுகிறவர்களுக்கு விலையைத் திறந்துவிடுங்கள். தகவல் யாருக்கு விற்கப்படுகிறது, அதில் எங்கள் பங்கு என்ன என்பதைத் தமிழில் எழுதி மூன்று ஏலக்கூடங்களிலும் ஒட்டுங்கள். பேச வருவதானால் ஏலம் முடிந்த பிறகு வாருங்கள், எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
குளச்சலில் விலை பதிவிடுகிறவர்களில் ஒருத்தி