ஏட்டுக்கட்டை அவிழ்த்து விற்காதீர்கள்

மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாருக்கும், வீட்டுப் பெட்டகத்தில் ஓலை ஏடு வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு பழைய சாமான் வியாபாரி எங்கள் ஊருக்கு வந்தார். குத்துவிளக்கு, படிக்கம் என்று பேசிவிட்டு, அப்புறம் மெல்ல, "ஏடு இருக்கா?" என்றார். பெரியம்மா எடுத்துக் காட்டிவிட்டார். கட்டுக்கு விலை சொல்லவில்லை அவர், ஓலைக்கு இவ்வளவு என்றார். வெளிநாட்டு ஏலங்களில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒற்றை ஓலைக்கு ஆள் இருக்கிறதாம்.

அன்றிரவு கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். வைத்திய ஏடு. இடது ஓரத்தில் தமிழ் எண்கள். ௩௰௪ என்ற ஓலைக்கு அடுத்தது ௩௰௬. முப்பத்தைந்தைக் காணோம். முப்பத்துநான்கு "சுக்கு, திப்பிலி" என்று முடிகிறது. அளவெல்லாம் அடுத்த ஓலையில் இருந்திருக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் ஓலைக்கு இந்தக் கதை தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

1978 சூறாவளியில் கூரை பறந்தபோது அம்மப்பா இந்தக் கட்டைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினாராம். ஆனாலும் அதை வியாபாரியிடம் எடுத்துக் காட்டியதற்காகப் பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தகரம் மாற்றக் காசு வேண்டும், கேட்டவரோ கையில் காசோடு வந்தவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. இலங்கையின் 1988ஆம் ஆண்டு 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டப்படி, அரிய சுவடிகளை வியாபாரம் செய்யவும் நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் ஆட்டோவில் வந்து திண்ணையில் பேரம் பேசுகிறவரிடம் அதை யார் கேட்பது?

ஆகவே கேட்கிறேன்: வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கும் நாட்களில், கோயில் ஏடுகளையும் ஊர் வீட்டு ஏடுகளையும் ஓலை ஓலையாகப் படம் எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். ஓர எண் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் வேண்டும். சடங்கில் பாடும் கண்ணகி வழக்குரை ஏட்டைக் கண்டவரும் தொடக்கூடாது என்பீர்கள். சரி, பூசை செய்யும் கப்புகனாரே ஓலையைத் திருப்பட்டும், உங்கள் வீட்டுப் பிள்ளை போனைப் பிடிக்கட்டும். பிரதி ஒன்று கோயிலில் இருக்கட்டும், இன்னொன்றை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுங்கள். பிறகு யாராவது ஒரு ஓலையை ஏலத்தில் காட்டினால், "இது எங்கள் கட்டில் இத்தனையாவது" என்று சொல்ல நம்மிடம் ஒரு படமாவது இருக்கும்.

வியாபாரி தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்த துண்டு இன்னும் பெட்டகத்தின் மேல்தான் கிடக்கிறது. திரும்ப வருவார்.

உங்களில் யாருடைய கட்டிலாவது ௩௰௫ என்ற ஓலை தவறிக் கலந்திருந்தால் சொல்லி அனுப்புங்கள். சுக்குக்கும் திப்பிலிக்கும் அளவு சொல்லித் தொடங்கும்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒருவன்