மலேசியாவின் ஈப்போவிலிருந்து வரப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிசியோதெரபி படித்த கையோடு, ஒரு வருஷம் எங்களோடு சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் சுகாதார வேலை பார்க்க வருகிறாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "லீவே எடுக்க மாட்டேன் அக்கா, நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை." அந்த வரிக்காகத்தான் இந்த நீளமான பதில். உன்னைப் போல இன்னும் சிலர் வரப்போகிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

லீவு எடு. கட்டாயம் எடு. எப்போது எடுக்கிறாய், யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாய் என்பதில்தான் எனக்குக் கவலை.

வெளிநாட்டிலிருந்து மதுரைப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் ஓய்வுக்கு இடம் தேடி அலைந்தது பழைய கதை. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் இங்கே வந்தது. வெயிலும் காலராவும் காய்ச்சலுமாக அவர்களில் பலர் செத்துப்போனார்கள். முதலில் திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் மலைக்காய்ச்சல் விடவில்லை. அப்புறம் பழனிமலைமேல் ஏறி, சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில், 1845இல் இரண்டு பங்களா கட்டினார்கள். இன்றைய கொடைக்கானல் அங்கிருந்து வளர்ந்ததுதான். அவர்களை டோலியில் வைத்து மேலே சுமந்தவர்கள் நம் ஆட்கள்; அந்தத் தோள்களை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் அவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். உடம்பு தேறினால்தான் அடுத்த வருஷமும் வேலை நடக்கும்.

உனக்கு முன்னால் நர்சிங் படித்த ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல மனசு. வாராந்திர ஓய்வைக்கூட வேண்டாம் என்றாள். கொஞ்ச மாதத்தில் முகம் வாடி, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்தாள். ஒருநாள் ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுத்துக் கேரளாவுக்கு பஸ் ஏறிவிட்டாள். அலுவலகத்தில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாள். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் இருந்தார். சர்க்கரை வந்து கால் மரத்துப் போனவர். செருப்பில் ஏறிய ஆணி பாதத்தில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. பெருவிரலுக்குக் கீழே புண். தினமும் காலையில் காலைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரல் இடுக்கெல்லாம் ஒற்றி, திண்ணையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண் வராத நாட்களிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊர் சுகாதார நர்சம்மா வந்து கேட்டபோது கட்டைத் தொடவிடவில்லை. "அந்தப் புள்ள வரட்டும்த்தா, அதுக்குத்தான் வலிக்காம அவுக்கத் தெரியும்" என்றார். கடைசியில் பிரித்துப் பார்த்தபோது துணி நனைந்து நாறியது. பெரியாஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பெண் ஓய்வுக்குப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு. அந்தக் காலை ஒரே ஆள் மட்டும் பார்த்துக்கொண்டதும், சொல்லாமல் போனதும்தான் அப்பத்தாவைப் பாதித்தன. அதனால் உனக்கு ஒரே ஒரு கண்டிப்பு. எந்த வீட்டுக்கும் தனியாகப் போகாதே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கே போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க ஊர்ப் பெண்களே இருக்கிறார்கள். வீட்டில் பிசியோதெரபி கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. அந்தத் திட்டத்து ஊர்ப் பெண்ணோடும் நர்சம்மாவோடும் சேர்ந்து போ. பக்கவாதம் வந்தவருடைய கையை இன்று நீ பிடித்து மடக்கி நீட்டினால், அடுத்த முறை அவள் செய்யட்டும், நீ பக்கத்தில் நின்று பார். அந்த வீட்டு மருமகளுக்கும் சொல்லிக்கொடு. அப்புறம் நீ ஒரு வாரம் இல்லாவிட்டாலும் அந்தப் பயிற்சி நடந்துகொண்டுதான் இருக்கும்.

சொல்லிவிட்டுப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. "கொஞ்ச நாளில் வந்துடுவேன்" என்று சொல்லாதே. "அடுத்த ஊசி நாளுக்கு இங்கே இருப்பேன்" என்று சொல். புதன்கிழமைதான் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, அது எல்லோருக்கும் தெரியும். சொன்ன புதன்கிழமை வந்து நின்றுவிட்டால் அடுத்த முறை நீ கிளம்பும்போது யாருக்கும் பதற்றம் இருக்காது.

இனி எப்போது என்பதற்கு வருகிறேன். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். மதுரையில் கண் முகாம்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வைப்பார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால்தானே வயசானவர்களைக் கூட்டிவர முடியும்? டாக்டர் வெங்கடசாமி 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் வெறும் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தில் வளைந்த விரல்களோடு அறுவை செய்தவர். முகாமுக்குப் போய் ஆளைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் ஏற்றி வந்து, அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அங்கே பழகிய வழி. ஆகவே உன் வார ஓய்வு திங்கள்கிழமை. அன்றைக்கு போனை எடுக்காதே, நானே கூப்பிட்டாலும் எடுக்காதே. துணி துவை, தூங்கு, மல்லிகைப்பூ வாங்க மாட்டுத்தாவணி போ.

பண்டிகை நாட்களை லீவாக நினைத்துவிடாதே. இந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். முப்பது வயசு தாண்டியும் ஒருமுறைகூட பிரஷர் பார்க்காதவர்கள் அவர்கள்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடவும்தான் அவர்களை ஊரில் பிடிக்கலாம். டீக்கடை பெஞ்சில் கருவியோடு உட்கார்ந்தால் போதும், ஒருவர் கையை நீட்டினால் அடுத்தவரும் நீட்டிவிடுவார். தீபாவளி மழைக் காலத்தில் வருவதால் டெங்குவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டி, குடம், ஆட்டுரல், மொட்டை மாடியில் கிடக்கும் டயர் என்று வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உன்னை விட மாட்டேன்.

ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். நீயும் தங்காதே. அந்த எட்டு நாளும் கூட்டம், பேச்சு எதுவும் வைக்க வேண்டாம். முளைப்பாரி வீட்டில் கும்மி தட்டும் பெண்களோடு போய் உட்கார். யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். ரத்தசோகை இருக்கிற பிள்ளை ரெண்டு சுற்று கும்மிக்கே சுவரில் சாய்ந்துவிடும், பார்த்தாலே தெரியும். அடுத்த வாரம் தான் உனக்கு நிஜமான வேலை. கிடா வெட்டி மிஞ்சின கறியை உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைத்திருப்பார்கள், விருந்தாளிகள் வந்த நெரிசலில் மாத்திரையை மறந்திருப்பார்கள். பிரஷர் ஏறித்தான் இருக்கும். திட்டாமல் பார்த்துச் சொல்.

வைகையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து நடவு தொடங்கிவிட்டால், வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஆள் இருக்காது. விடிவதற்கு முன்னே வயலுக்குப் போய்விடுவார்கள். அப்போது தாராளமாகக் கிளம்பு. கன்னியாகுமரியோ ராமேஸ்வரமோ போ. கொடைக்கானலுக்கு என்றால் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறு, ஆனால் சித்திரை, வைகாசியில் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஓய்வு கிடைக்காது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே கிளம்பும், அவர்களோடு நீயும் வா. அன்றைக்கு நீ எங்கள் விருந்தாளி.

தைப்பூசத்துக்கு நீ வீட்டுக்குப் போக வேண்டும். உன் அம்மா காவடி எடுப்பார் என்று எழுதியிருந்தாயே. இங்கேயும் அப்போது பலர் பழனிக்கு நடந்தே போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும் நேரத்துக்கு நீயும் வந்துவிடு. சர்க்கரை உள்ளவர்களுடைய பாதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும், கொப்புளம் உடைந்ததே தெரியாமல் நடந்திருப்பார்கள். அதற்கு நிறையக் கைகள் வேண்டும்.

தைப்பூச லீவை நம் வேலைக் காலண்டரில் இப்போதே உன் பெயரில் குறித்துவிட்டேன். போக வர டிக்கெட்டைச் சேர்த்தே போட்டுவிடு. வரும் தேதி முடிவானதும் எழுது, ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அக்கா