கக்கனின் பத்தாண்டு அமைச்சர் பணியை எப்போது எழுதப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் அமைச்சர் கக்கனைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மதுரை அரசு மருத்துவமனையில் அவர் சாதாரண நோயாளிகளுள் ஒருவராகக் கிடந்ததையும், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அங்கே அவரைச் சென்று பார்த்ததையும் கட்டுரையாளர் நெஞ்சுருக எழுதியிருக்கிறார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கக்கனைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு காட்சியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. 1957 முதல் 1967 வரை தொடர்ந்து அமைச்சராக இருந்தவர் அந்தப் பதவியில் என்ன செய்தார் என்று கேட்பவர் அரிதாகவே இருக்கிறார்கள்.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், 1939 ஜூலை 8 அன்று, ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் செல்ல இருந்த தடையை மீறி, காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆகவே 1957இல் காமராசர் அவரை அமைச்சரவையில் சேர்த்ததை, ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குப் பெயரளவில் தரப்பட்ட ஓர் இடமாகக் கருதுவது பெரும் பிழை. அவரிடம் ஒப்படைக்கப்பட்டது பொதுப்பணித் துறை. அணை, கால்வாய், அரசுக் கட்டடம் என அரசின் பணமும் ஒப்பந்தங்களும் மிகுதியாகப் புழங்கிய துறை அது. அப்படிப்பட்ட துறையை வைத்திருந்தவர் கடைசியில் அரசு மருத்துவமனையின் பொதுப் படுக்கையை நாடினார் என்று அறியும்போதுதான் அவருடைய வறுமையின் முழுப் பொருளும் நமக்கு விளங்குகிறது.

அவர் அத்துறையை வகித்த காலத்தில்தான் சாத்தனூர் அணை 1958இலும் வைகை அணை 1959இலும் பயன்பாட்டுக்கு வந்தன. பெரியாற்று நீர் வைகை அணையில் தேங்கி, வைகையாற்றின் குறுக்கே உள்ள பேரணை என்ற தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியாக அவர் பிறந்த மேலூர் வட்டாரம் வரை பாய்கிறது. (மேட்டூர் அணையையும் அவர் காலத்துக் கணக்கில் சேர்த்து எழுதுவோர் உண்டு. அது 1934இலேயே கட்டி முடிக்கப்பட்டது. நடக்காததைச் சொல்லிப் புகழவேண்டிய தேவை கக்கனுக்கு இல்லை.) இந்த அணைகளுக்கான முடிவுகளில் அவருடைய பங்கு எவ்வளவு, பொறியாளர்களின் பங்கு எவ்வளவு, முதலமைச்சரின் பங்கு எவ்வளவு என்பதை ஆவணங்களைக் கொண்டு யாரேனும் பிரித்துக் காட்ட வேண்டும்.

1962இல் வேளாண்மைத் துறையும், 1963இல் பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறையும் அவரிடம் வந்தன. காவல் துறையைக் கையில் வைத்திருக்கும் உள்துறை, தீண்டாமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்த ஒருவரிடம் அன்று தரப்பட்டது சிறிய செய்தியன்று. அதே வேளையில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்த நாட்களில் உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. அவர்மீது அன்பு கொண்டவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். நானும் அவர்மீது பெருமதிப்பு வைத்திருப்பவன்தான். ஆனாலும் அந்த நாட்களில் முடிவுகளை எடுத்தவர் யார், கக்கன் எதை ஏற்றார், எதை மறுத்தார் என்பவை எழுதப்படாதவரை அவருடைய அரசியல் வாழ்க்கையை நாம் அறிந்தவர்களாக மாட்டோம். 1967 தேர்தலில் அவரும் தோற்றார். அந்தத் தோல்விக்கான காரணங்களையும் இந்தப் பின்னணியில் வைத்தே ஆராய வேண்டும்.

1999இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. தும்பைப்பட்டியில் மணிமண்டபமும் இருக்கிறது. சட்டமன்றத்தில் அவர் அளித்த பதில்களும் மானியக் கோரிக்கைகளின்மீது (துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டுக் கோரிக்கைகள்) ஆற்றிய உரைகளும் அவை நடவடிக்கைக் குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்து, வரும் டிசம்பர் 23 அன்று அவருடைய நினைவு நாளில் சில பக்கங்களையாவது தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேலூர் வாசகர் ஒருவர்