மாம்பழப் பெட்டியும் மதில் அனுமதியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

2019 ஆனி மாசம் நான் எங்கட வட்டார உறுப்பினர் வீட்டை ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டு போய்க் குடுத்தனான். மதில் கட்ட அனுமதி கேட்டுப் போட்ட பைல் பிரதேச சபையில மூண்டு மாசமா அசையாமக் கிடந்தது, பக்கத்து வீட்டு அண்ணைதான் "வெறுங்கையோட போகாதை, காசு வேண்டாம், பழம் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்" எண்டவர். உறுப்பினர் ஒரு பழத்தை எடுத்து மணந்து பாத்திட்டு "உங்கட வளவு மரமோ" எண்டு கேட்டார். பைலைப் பற்றி ரெண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அடுத்த கிழமை அனுமதி வந்திட்டுது. பின் ஒழுங்கையில தனிய இருக்கிற ஒரு அம்மா எனக்கு முந்தியே விண்ணப்பம் போட்டவ, அவவுக்கு ஆவணி முடிஞ்சும் பதில் வரேல்லை. அவவைக் காணேக்குள்ள எல்லாம் எனக்கு இண்டைக்கும் முகம் குடுக்கேலாது.

இதை இப்ப ஏன் எழுதுறன் எண்டால், பிரதேச சபைகளின்ர பதவிக்காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல தெரிவு செய்யப்பட்ட ஆக்களே இல்லாமக் கிடந்து, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் எங்களுக்குத் திரும்ப உறுப்பினர்மார் வந்திருக்கினம், பழைய பழக்கமும் திரும்ப வந்திடும் எண்டு பயமாக் கிடக்கு. மேடையில எல்லாருக்கும் முன்னால போடுற பொன்னாடையை நான் சொல்லேல்லை. வீட்டுக்கு வாறதைத்தான் சொல்லுறன். உறுப்பினரின்ர மகளின்ர சாமத்திய வீட்டுக்கு றோட்டுப் போடுற கொன்ட்ராக்டர் ஒரு சங்கிலி கொண்டு வந்தால் அது ஆருக்குக் குடுத்த சங்கிலி?

சட்டம் இருக்கு. 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில காசு மட்டுமில்லை பரிசும் இலஞ்சமாகும், வாங்கினவரோட குடுத்தவரும் குற்றவாளிதான், உள்ளூராட்சி உறுப்பினர்மாரும் சொத்து விபரம் குடுக்கோணும். இலஞ்ச ஆணைக்குழுவுக்கு 1954 எண்டு போன் நம்பரும் இருக்கு. ஆனா ஒரு பெட்டி மாம்பழத்துக்கு ஆர் ஐயா கொழும்புக்குப் போன் எடுப்பினம்?

அதால ஒவ்வொரு சபையும் தானாவே ஒரு விதி போடோணும். சபையில பைல் கிடக்கிற ஆளிட்ட, கொன்ட்ராக்ட் எடுக்கிற ஆளிட்ட, கடை குத்தகை கேக்கிற ஆளிட்ட உறுப்பினரும் வீட்டுக்காரரும் பழம்கூட வாங்கக் கூடாது. மற்ற ஆக்கள் குடுக்கிறதை ஒரு கொப்பியில எழுதி ஆரும் வந்து பாக்கிற மாதிரி சபைக் கந்தோரில வைக்கோணும். ஊரில எல்லாரும் சொந்தக்காரர்தானே எண்டு கேப்பினம், உண்மைதான், மச்சான் கலியாணத்துக்குக் குடுக்கிறதை நிப்பாட்டேலாது, ஆனா அந்த மச்சானின்ர பைல் வரேக்குள்ள உறுப்பினர் அந்தக் கதையில இருந்து விலகி நிக்கலாம்தானே.

இதைப் பிரேரணையாக் கொண்டு வரச் சொல்லி எங்கட புது உறுப்பினரிட்ட போன கிழமை கடிதம் குடுத்திருக்கிறன், வெறுங்கையோட போய்த்தான் குடுத்தனான். நீங்களும் இதைப் போட்டால் மற்றச் சபை ஆக்களும் வாசிப்பினம்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர்