வெர்மான்ட் தேர்தலும் ஊருக்கு ஓர் இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் தேர்தல் வரலாறு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, 1950களில் வெர்மான்ட் சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சி பெற்றிருந்த பெரும்பான்மையை மக்கள் ஆதரவின் நேரடி அளவாகவே எடுத்துக்கொள்கிறது. அக்கட்சிக்கு அங்கே உண்மையாகவே பெருஞ்செல்வாக்கு இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், இடங்கள் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தன என்பதைச் சொல்லாமல் வென்ற இடங்களின் கணக்கை மட்டும் தந்தால் வாசகர் தவறான முடிவுக்கே வருவார்.

வெர்மான்ட் சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் அன்று 246 உறுப்பினர்கள் இருந்தார்கள். ஊர் பெரிதோ சிறிதோ, ஊருக்கு ஒருவர் என்பது 18ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த ஏற்பாடு. 1960 கணக்கெடுப்பின்படி பர்லிங்டன் நகரில் 35,531 பேர் வாழ்ந்தார்கள். ஸ்ட்ராட்டன் என்ற மலையூரில் குழந்தைகளையும் சேர்த்து 24 பேர். இரண்டுக்கும் அவையில் ஆளுக்கோர் இடம்தான். சிற்றூர்களை மட்டும் கூட்டிப் பார்த்தால், மாநில மக்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே அவையின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுத்துவிட முடிந்தது. 1836இல் ஏற்பட்ட, 30 பேர் கொண்ட மேலவையில் மட்டும் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஓரளவு மதிப்பு இருந்தது.

இதனால்தான் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்த தேர்தல்கள் வேறு கதை சொல்கின்றன. 1958இல் வெர்மான்ட் மக்கள் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த வில்லியம் மேயரை வாஷிங்டனில் உள்ள நாட்டின் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அக்கட்சிக்குக் கிடைக்காத வெற்றி அது. 1962இல் அதே கட்சியின் பிலிப் ஹாஃப் ஆளுநரானார். அதுவரை பர்லிங்டனின் முப்பத்தைந்தாயிரம் பேருக்கும் மாநிலப் பிரதிநிதிகள் அவையில் இருந்த ஒரே உறுப்பினர் அவர்தான். கட்டுரையில் இந்த ஒரு செய்தியாவது இடம்பெற்றிருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பழைய முறையில் நன்மையே இல்லை என்பதும் என் கருத்தன்று. அண்டை வீட்டாரே தங்களுக்கு நன்கு அறிமுகமான ஒருவரைத் தலைநகர் மான்ட்பிலியருக்கு அனுப்பினார்கள் என்பதில் ஒரு நெருக்கம் இருந்தது. அந்த அவைதான் 1953இல் கன்சுவேலோ பெய்லியைத் தன் முதல் பெண் அவைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது; மறு ஆண்டுத் தேர்தலில் வென்று, அமெரிக்காவிலேயே துணைநிலை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற இடத்தையும் அவர் பெற்றார். ஆயினும் அந்த நெருக்கத்திற்கான விலையை பர்லிங்டன் போன்ற நகரங்களின் மக்களே கொடுத்தார்கள்.

1964 ஜூனில், அலபாமா மாநில வழக்கொன்றில், சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகளே தவிர மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ பிரதிநிதிகள் அல்லர் என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். அந்தத் தீர்ப்பின் விளைவாக அடுத்த ஆண்டே வெர்மான்ட் பிரதிநிதிகள் அவை, தன் உறுப்பினர்கள் பலரின் இடம் பறிபோகும் என்று தெரிந்தே, 150 இடங்களாகத் தன்னைக் குறைத்துக்கொள்ள வாக்களித்தது.

கட்டுரை நூலாகும்போது, வெர்மான்ட் அட்டவணையில் 1965க்கு முந்தைய ஆண்டுகளுக்கு எதிரே ‘ஊருக்கு ஓர் இடம்’ என்ற குறிப்பைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை