ஸ்பானியப் பாடத்தில் விளையாட்டு வீரர்களுக்குத் தப்பான சொற்கள்: திருத்தமும் பணமும் கோரி ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விளையாட்டுப் பகுதியில் உள்ள பிழைகள், கட்டணத்தைத் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் செயலியில் சந்தா கட்டி ஸ்பானிய மொழி படித்து வருகிறேன். விளையாட்டுச் செய்தி எழுதுவது என் பிழைப்பு. ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லிகாவில் ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் பத்திரிகைகளை நேரே படிக்க வேண்டும் என்றுதான் விளையாட்டுப் பகுதிக்குத் தனியாகவும் பணம் கட்டினேன். அடிப்படைப் பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பகுதியைத் தயாரித்தவர் ஸ்பானிய விளையாட்டுப் பக்கம் ஒன்றையாவது புரட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

‘கால்பந்து வீரர்’ என்ற கேள்விக்கு ‘எல் ஃபுத்போலிஸ்தா’ என்று விடை எழுதினேன். சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. கீழே, சரியான விடை ‘எல் ஃபுத்போலிஸ்தோ’ என்று வந்தது. ஸ்பானியத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. ஓகாரத்தில் முடிந்தால் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெண் என்ற ஆரம்பப் பாடத்தை எல்லாச் சொல்லின் தலையிலும் கட்டிவிட்டீர்கள். ‘இஸ்தா’ என்று முடியும் சொல் இருபாலுக்கும் ஒன்றே. முன்னால் வரும் ஆண்பால் ‘எல்’, பெண்பால் ‘லா’ (பன்மையில் ‘லோஸ்’, ‘லாஸ்’) மட்டும்தான் மாறும். 2010இல் ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் ஆண்கள் ‘லோஸ் ஃபுத்போலிஸ்தாஸ்’, 2023இல் சிட்னியில் இங்கிலாந்தை 1-0 என்று வென்ற பெண்கள் ‘லாஸ் ஃபுத்போலிஸ்தாஸ்’. டென்னிஸ் வீரர் நடால் ‘எல் தெனிஸ்தா’, வீராங்கனை முகுருசா ‘லா தெனிஸ்தா’. ஆணுக்கு ‘இஸ்தோ’ ஆன சொல்லாக எனக்குத் தெரிந்தது ஆடை வடிவமைப்பாளரைக் குறிக்கும் ‘மொதிஸ்தோ’ ஒன்றுதான். அவர் பந்து உதைப்பவர் அல்ல.

மாற வேண்டிய இடத்தில் மாற்றவும் இல்லை. நீச்சல் வீரர் ‘நதாதோர்’ என்றால் வீராங்கனை ‘நதாதோரா’. உங்கள் பாடமோ ‘லா நதாதோர்’ என்ற விடைக்கு முழு மதிப்பெண் போடுகிறது.

அப்புறம், ‘நான் விளையாட்டு வீரன்’ என்பதற்கு ‘சோய் உன் தெபோர்தீவோ’ என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள். விளையாட்டு வீரர் ‘தெபோர்திஸ்தா’. ‘தெபோர்தீவோ’ விளையாட்டு தொடர்பானது என்று பொருள்படும் அடைமொழி. ‘உன் தெபோர்தீவோ’ என்று தனியே சொன்னால் ஸ்போர்ட்ஸ் கார். இதைப் படித்துவிட்டு ஒருவர் மாட்ரிட்டில் போய் ‘நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்’ என்று அறிமுகம் செய்துகொண்டால் யார் பொறுப்பு?

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது நாடு வாரியான சொற்கள்தான். அமைப்பில் ‘லத்தீன் அமெரிக்கா’ என்று தேர்ந்தெடுத்த பிறகும் கோல்கீப்பருக்கு ‘போர்தேரோ’ மட்டுமே ஏற்கப்படுகிறது. ஸ்பெயினில் கோல்கீப்பர் காசியாஸ் போர்தேரோதான், சரி. 2022இல் கத்தாரில் கோப்பை வென்ற எமிலியானோ மார்த்தினெஸை அர்ஜென்டினாக்காரர்கள் ‘அர்கேரோ’ என்பார்கள். அதை எழுதினால் ‘வில்லாளி’ என்று திருத்துகிறது உங்கள் செயலி. அந்தப் பொருளும் உண்டுதான், ஆனால் கேள்வி கால்பந்து பற்றியது. கூடைப்பந்திலும் இதே கதை: ஸ்பெயினில் ‘பலோன்செஸ்திஸ்தா’, லத்தீன் அமெரிக்காவில் ‘பாஸ்கெத்போலிஸ்தா’. பேஸ்பால் ஆடுபவரைக் கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் ‘பெலோதேரோ’ என்று அழைப்பது வழக்கம்; அந்தச் சொல்லே பாடத்தில் இல்லை. பேஸ்பாலை உயிராக நினைக்கும் நாடுகள் அவை!

உச்சரிப்பையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் ‘டெனிஸ்டா’ என்று போடாதீர்கள். ஸ்பானிய ஒலி நம் தகரத்துக்குத்தான் பக்கம். தமிழருக்கு இயல்பாகவே வரும் ஒலியை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து கெடுப்பானேன்?

செயலிக்குள்ளேயே பிழைகளைத் தெரிவித்தேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள்’ என்று பதில் வந்தது. நான் அனுப்பியது கருத்து அல்ல, புகார்.

விளையாட்டுப் பகுதிக்குக் கட்டிய தொகையை எனக்குத் திருப்பித் தர வேண்டும். ஸ்பானியம் தாய்மொழியான ஒருவர், முடிந்தால் ஸ்பெயினிலிருந்து ஒருவரும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து ஒருவரும், பாடத்தைச் சரிபார்க்கும் வரை இந்தப் பகுதியை விற்பதை நிறுத்தி வையுங்கள். பிழையான கேள்விகளின் ஸ்கிரீன்ஷாட்களை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் மனிதர் எழுதிய பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்